டிரேஸ்பேக் இல்லாமல் சாகும் பைத்தான்: அறிகுறியை வைத்துக் காரணத்தைத் தேடும் வழி

பைத்தானில் பழகியவர்களுக்குப் பிழை என்றால் டிரேஸ்பேக். எந்தக் கோப்பு, எந்த வரி, என்ன தவறு என்று அதுவே சொல்லிவிடும். உள்ளே சி, சி++, ஃபோர்ட்ரான் என்று நேட்டிவ் கோட் வைத்திருக்கும் பேக்கேஜ் ஒன்று விழும்போது அந்த வசதி கிடையாது. ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று ஒரே ஒரு வரி வரும், அடுத்த நொடி டெர்மினல் பிராம்ப்ட்டில் நிற்கும். விண்டோஸில் பல சமயம் அந்த ஒரு வரிகூட வராது. ட்ரை, எக்செப்ட் எல்லாம் போட்டுப் பார்த்தும் பிடிபடவில்லையே என்று பலர் கேட்கிறார்கள். பிடிபடாது. எக்செப்ஷன் என்பது பைத்தானுக்குள் நடக்கும் விஷயம். இங்கே பைத்தான் புராசஸையே இயங்குதளம் நிறுத்திவிட்டது. எக்செப்ட் பகுதியை ஓட்டுவதற்கு அங்கே யாரும் மிச்சமில்லை.

இந்த வகைப் பிழையில் பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தனக்குச் சொந்தமில்லாத மெமரியில் எழுதிய ஃபங்ஷன் சத்தமில்லாமல் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். பத்து நிமிடம் கழித்து அதே இடத்தைத் தொடும் வேறொரு ஃபங்ஷன் விழும். அதனால் விழுந்த வரியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயன் குறைவு. எப்படி விழுந்தது என்பதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போவதுதான் சரியான வழி. கீழே இருப்பது அந்த வரிசை.

முதலில் எண்ணைப் பாருங்கள்

லினக்ஸிலும் மேக்கிலும் நிரல் விழுந்த உடனே ஷெல்லில் எக்கோ $? என்று அடித்தால் ஓர் எண் வரும். அது 128க்கு மேல் இருந்தால், 128ஐக் கழித்துக் கிடைப்பதுதான் புராசஸைக் கொன்ற சிக்னலின் எண். 139 என்றால் சிக்னல் 11, அதாவது செக்ஃபால்ட்: தனக்கு அனுமதி இல்லாத முகவரியைத் தொட்டிருக்கிறது. 134 என்றால் சிக்னல் 6, அபார்ட்: ஏதோ ஒரு லைப்ரரி ‘இனி ஓட முடியாது’ என்று தானே நிறுத்திக்கொண்டது. 132 என்றால் சிக்னல் 4: சிபியுவுக்குத் தெரியாத கட்டளை. 136 என்றால் சிக்னல் 8: பெரும்பாலும் சி பக்கத்தில் முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்திருப்பார்கள். 137 என்றால் சிக்னல் 9: வெளியிலிருந்து கொல்லப்பட்டது. பஸ் எரர் லினக்ஸில் 135, மேக்கில் 138.

சப்புராசஸ் மாட்யூல் வழியாக ஓட்டினால் இதே எண் கழித்தல் குறியோடு வரும்: செக்ஃபால்ட் என்றால் -11. விண்டோஸில் எண்கள் பெரியவை. -1073741819 என்றோ 3221225477 என்றோ வந்தால் இரண்டும் ஒன்றுதான், அங்கத்திய செக்ஃபால்ட். -1073740940 என்றால் ஹீப், அதாவது நிரல் ஓடும்போது மெமரி ஒதுக்கும் பகுதி, சிதைந்திருக்கிறது. -1073741795 என்றால் சிபியுவுக்குத் தெரியாத கட்டளை.

‘என் நிரல் க்ராஷ் ஆகிறது’ என்பதற்கும் ‘என் நிரல் 132இல் முடிகிறது’ என்பதற்கும் தேடும் வழி முற்றிலும் வேறு. இந்த எண்ணைப் பார்க்காமல் பேக்கேஜை நான்கு முறை நீக்கி நிறுவுபவர்களைத் தினமும் பார்க்கிறேன். பத்து நொடி வேலை, தயவுசெய்து முதலில் செய்துவிடுங்கள்.

அடுத்தது ஃபால்ட்ஹேண்ட்லர்

விழும் இடத்தை எழுதிக்காட்டும் இந்த மாட்யூல் 2012இல் வந்த பைத்தான் 3.3 முதல் கூடவே வருகிறது. பைத்தான் கட்டளையை அடுத்து ஹைஃபன், பெரிய எக்ஸ், பிறகு ஃபால்ட்ஹேண்ட்லர் என்ற சொல், அதன்பின் உங்கள் கோப்பின் பெயர். கட்டளையை மாற்ற முடியாத இடத்தில் பைத்தான்ஃபால்ட்ஹேண்ட்லர் என்ற சூழல் மாறியை, பெரிய எழுத்தில் இடைவெளி இல்லாமல், 1 என்று வையுங்கள். இப்போது புராசஸ் சாகுமுன் ஒவ்வொரு த்ரெட்டும் எந்தப் பைத்தான் வரியில் நின்றது என்று எழுதிவிட்டுத்தான் சாகும்.

படிக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். வழக்கமான டிரேஸ்பேக்கில் கடைசி அழைப்பு கீழே இருக்கும், இதில் மேலே இருக்கும். 3.10 முதல், லோட் ஆகியிருந்த சி எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலையும் கடைசியில் தரும். அந்தப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் நினைத்தே பார்க்காத பேக்கேஜ் ஒன்று உள்ளே வந்திருப்பது அங்கேதான் தெரியும்.

பைடெஸ்ட்டில் 5.0 பதிப்பிலிருந்து இது தானாகவே இயங்கும். பின்னணியில் ஓடும் சர்வீஸாக இருந்தால், எனேபிள் அழைப்புக்கு ஒரு கோப்பைத் திறந்து கொடுங்கள், எழுத்து அங்கே போய்ச் சேரும். விழாமல் அப்படியே உறைந்து நிற்கும் நிரலுக்கும் இதே மாட்யூலில் வழி இருக்கிறது: டம்ப் டிரேஸ்பேக் லேட்டர் என்ற ஃபங்ஷனுக்கு 60 என்று கொடுத்தால், அறுபது நொடி கழித்து எல்லா த்ரெட்டும் எங்கே நிற்கிறது என்று காட்டும்.

லினக்ஸ் என்றால் கர்னல் பதிவையும் பாருங்கள். டிமெசேஜ் கட்டளையின் கடைசி வரிகளில், எந்த முகவரியைத் தொட்டபோது விழுந்தது, எந்த எஸ்ஓ கோப்புக்குள் (லினக்ஸில் நேட்டிவ் லைப்ரரி இருக்கும் கோப்பு) விழுந்தது, எரர் எண் என்ன என்பதெல்லாம் ஒரே வரியில் இருக்கும். எரர் 4 என்றால் இல்லாத இடத்தைப் படிக்கப் போனது, 6 என்றால் எழுதப் போனது. முகவரி 0, 8, 10 என்று மிகச் சிறியதாக இருந்தால் அது நல் பாயின்டர், எதையும் சுட்டாத வெற்று முகவரி. எந்தக் கருவியும் நிறுவாமல் கிடைக்கும் தகவல் இது. கீழே சொல்லப்போகும் என் அனுபவத்தில் முடிச்சை அவிழ்த்ததும் இந்த வரிதான்.

இம்போர்ட் செய்த உடனே விழுகிறது

உங்கள் கோடுக்கு இதில் பங்கு அநேகமாக இல்லை. சூழலில்தான் கோளாறு. வெறும் இம்போர்ட் வரி ஒன்றை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அதிலும் விழுந்தால், புதிதாக ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் திறந்து அந்தப் பேக்கேஜை மட்டும் நிறுவிப் பாருங்கள். அங்கே விழவில்லை என்றால் பழைய சூழலில் இரண்டு பேக்கேஜ்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது எண் அணிகளுக்கான நம்பை பேக்கேஜின் பதிப்பில். 2024 ஜூனில் வந்த நம்பை 2.0, பைனரி இணக்கத்தை முறித்துக்கொண்டு வந்தது. 1.எக்ஸ் வரிசையை வைத்துக் கம்பைல் செய்த எக்ஸ்டென்ஷன் 2.0இல் ஓடாது. நல்லவேளையாகப் பல சமயம் எச்சரிக்கை வரும்: ‘நம்பை 1.எக்ஸ் கொண்டு கம்பைல் செய்த மாட்யூலை இதில் ஓட்ட முடியாது, க்ராஷ் ஆகலாம்’ என்ற பொருளில் நீண்ட செய்தி, அல்லது டிடைப் (அணியின் தரவு வகை) அளவு மாறிவிட்டது, 96 எதிர்பார்த்தேன் 88 கிடைத்தது என்ற வரி. அந்தப் பேக்கேஜின் புதிய பதிப்பை நிறுவுங்கள். அது இன்னும் வரவில்லை என்றால் நம்பையை 2க்குக் கீழே நிறுத்திவையுங்கள். நம்பையை மட்டும் மேலே ஏற்றிவிட்டு மற்றதை அப்படியே விடுவதுதான் ஆபத்து.

இன்னொன்று, வரிசையைப் பொறுத்து விழுவது. அ பேக்கேஜை முதலில் இம்போர்ட் செய்தால் ஓடுகிறது, ஆ முதலில் வந்தால் விழுகிறது. இரண்டும் ஒரே நேட்டிவ் லைப்ரரியின் வெவ்வேறு பதிப்பைத் தம் வீலுக்குள் (பிப் நிறுவும் தொகுப்புக் கோப்பு) சுமந்து வந்திருக்கின்றன, முதலில் ஏறியதன் சிம்பல்களை (ஃபங்ஷன் பெயர்களை) மற்றதும் பயன்படுத்தப் பார்க்கிறது என்று பொருள். இம்போர்ட் வரிசையை மாற்றிவைத்துத் தப்பிப்பவர்கள் உண்டு. நாளை வேறொருவர் கோடை ஒழுங்குபடுத்துகிறேன் என்று வரிசையை அகரவரிசையாக்கினால் திரும்ப விழும். இரண்டையும் ஒரே மூலத்திலிருந்து, எல்லாம் பிப்பிலிருந்து அல்லது எல்லாம் கோண்டாவிலிருந்து, எடுப்பதே நிலைக்கும் தீர்வு.

டிஎல்எல் (விண்டோஸின் நேட்டிவ் லைப்ரரிக் கோப்பு) கிடைக்கவில்லை, ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) பதிப்பு போதவில்லை என்பவை க்ராஷ் அல்ல, முறையான இம்போர்ட் எரராகவே வரும். விண்டோஸில் பைத்தான் 3.8 முதல் எக்ஸ்டென்ஷனுக்குத் தேவையான டிஎல்எல்லைப் பாத் மாறியில் தேடுவதில்லை. ஓஎஸ் மாட்யூலின் ஆட் டிஎல்எல் டைரக்டரி வழியாகச் சொல்ல வேண்டும். இது தெரியாமல் பாத்தில் கோப்புறைகளைச் சேர்த்துக்கொண்டே போனால் நேரம்தான் வீணாகும்.

132: சிபியுவுக்குப் புரியாத கட்டளை

புதிய சிபியுவுக்காகக் கம்பைல் செய்த பைனரி பழைய சிபியுவில் ஏறியிருக்கிறது. 2018இல் டென்சர்ஃப்ளோ 1.6 முதல் அதன் அதிகாரபூர்வ பைனரிகள் ஏவிஎக்ஸ் கட்டளைகளை (பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் சிபியு கட்டளைகள்) கேட்கத் தொடங்கியபோது பழைய கணினிகள் பலவற்றில் இம்போர்ட்டே இப்படித்தான் விழுந்தது. விர்ச்சுவல் மெஷினிலும் நடக்கும்: உண்மையான சிபியுவில் ஏவிஎக்ஸ் இருந்தும் ஹைப்பர்வைசர் அதை மறைத்துவைத்திருக்கும். புராக் கோப்புறையில் சிபியுஇன்ஃபோ கோப்பைத் திறந்து ஃபிளாக்ஸ் வரியில் ஏவிஎக்ஸ் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சொந்தமாகக் கம்பைல் செய்ய வேண்டும், அல்லது பழைய பதிப்புக்குப் போக வேண்டும்.

137, 135: மெமரி போதவில்லை

137க்குக் கர்னல் பதிவில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரியைத் தேடுங்கள். இருந்தால் இது பேக்கேஜின் பிழை அல்ல, ரேம் தீர்ந்துவிட்டது.

135 டாக்கருக்குள் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பகிர்வு மெமரி. டாக்கர் இயல்பாக அதற்கு 64 எம்பிதான் ஒதுக்குகிறது. பைடார்ச்சின் டேட்டாலோடரில் பல வொர்க்கர் வைத்தால் நொடியில் தீர்ந்துவிடும். கன்டெய்னரைத் தொடங்கும்போது எஸ்எச்எம் அளவை உயர்த்திக் கொடுங்கள். டாக்கர் இல்லாமலும் 135 வருகிறது என்றால், எம்மேப் செய்த (மெமரியைப் போலவே படிக்கும்படி திறந்த) கோப்பை வேறொரு புராசஸ் நடுவில் சுருக்கிவிட்டதா என்று பாருங்கள்.

134: அதுவே பேசும், கேளுங்கள்

அபார்ட் ஆகும் லைப்ரரி பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் போகும். அந்த வரி லாகில் எங்காவது புதைந்திருக்கும், மேலே போய்த் தேடுங்கள்.

‘ஓஎம்பி எரர் 15’ என்று வந்தால், வேலையைப் பல த்ரெட்டுகளுக்குப் பிரித்துத் தரும் ஓபன்எம்பி ரன்டைம் இரண்டு முறை ஏறியிருக்கிறது. அந்தச் செய்தியே ஒரு சூழல் மாறியை ட்ரூ என்று வைத்தால் ஓடும் என்றும் சொல்லும், பாதி உலகம் அதை அப்படியே நகலெடுத்து ஒட்டிவிடுகிறது. அதே செய்தியின் அடுத்த பாதியையும் படியுங்கள்: க்ராஷ் ஆகலாம், அல்லது சத்தமில்லாமல் தவறான விடை வரலாம். விழும் நிரலை விடத் தவறான விடை தரும் நிரல் மோசமானது என்பது என் உறுதியான எண்ணம். த்ரெட்பூல்சிடிஎல் என்ற சிறு பேக்கேஜை நிறுவி அதன் இன்ஃபோ ஃபங்ஷனை ஓட்டினால் எந்த எந்தக் கோப்புறையிலிருந்து எந்த ரன்டைம் ஏறியிருக்கிறது என்று காட்டும். அதை வைத்து ஒன்றை நீக்குங்கள்.

‘எக்ஸ்சிபி பிளாட்ஃபார்ம் பிளகினை ஏற்ற முடியவில்லை’ என்று வந்து, உங்களிடம் ஓபன்சிவியும் பைக்யூடியும் சேர்ந்து இருந்தால், இரண்டும் தத்தம் க்யூடியை (திரையில் சாளரம் வரையும் லைப்ரரி) கொண்டுவந்து மோதுகின்றன. ஓபன்சிவியின் ஹெட்லெஸ் (சாளரம் இல்லாத) பதிப்பை நிறுவினால் தீரும். பழையதை முதலில் நீக்க மறக்க வேண்டாம், இரண்டும் ஒரே கோப்புறையில்தான் உட்காரும்.

‘டெர்மினேட் கால்டு’ என்று வந்தால் சி++ எக்செப்ஷன் ஒன்றை யாரும் பிடிக்கவில்லை. சி++ கோடைப் பைத்தானோடு இணைக்கும் பைபைண்ட்11 போன்றவை அதைப் பைத்தான் எக்செப்ஷனாக மாற்றிவிடும். சி லைப்ரரியைப் பைத்தானிலிருந்து நேரடியாக அழைக்கும் சிடைப்ஸ் மாட்யூல் மாற்றாது. லைப்ரரியின் வாசலிலேயே நீங்கள் பிடித்து எரர் எண்ணாக்கித் திருப்பித் தர வேண்டும். ‘டபுள் ஃப்ரீ’, ‘இன்வேலிட் பாயின்டர்’ என்று வந்தால், 134 ஆக இருந்தாலும், அடுத்த இரண்டு பகுதிகளில் சொல்வதுதான் அதற்கு மருந்து.

139, எப்போதும் ஒரே அழைப்பில்

ஒரே அழைப்பில் தவறாமல் விழுவது நல்ல செய்தி. அந்த அழைப்பின் எல்லையில், பைத்தான் கொடுப்பதற்கும் சி எதிர்பார்ப்பதற்கும் நடுவில், ஏதோ பொருந்தவில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எடைமேடைக் கருவியிலிருந்து அளவு வாங்கும் சி லைப்ரரி ஒன்றுக்கு சிடைப்ஸ் வைத்து ரேப்பர் எழுதியிருந்தேன். திற என்ற ஃபங்ஷன் ஒரு ஹேண்டில் தரும், படி என்ற ஃபங்ஷனுக்கு அதைக் கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில் ஓடியது. பல கருவிகளை ஒரே நேரத்தில் படிக்க வேண்டும் என்று த்ரெட்பூலுக்குள் வைத்தேன், அன்றே 139. த்ரெட் என்றதும் லாக் (பூட்டு) இல்லை, இரண்டு த்ரெட்டுகள் முந்திக்கொண்டு மோதும் ரேஸ் கண்டிஷன் என்றுதான் மனம் போனது. இரண்டு நாள் லாக் மேல் லாக்காகப் போட்டேன். ஒரே ஒரு த்ரெட் வைத்தாலும் விழுந்தது. அப்போதுதான் கர்னல் பதிவைப் பார்த்தேன்: தொட்ட முகவரி 28001928.

எட்டே இலக்கம். 64 பிட் லினக்ஸில் த்ரெட் ஒதுக்கும் மெமரி இவ்வளவு கீழே இருக்காது. சிடைப்ஸுக்கு ரெஸ்டைப் என்ற ரிட்டர்ன் வகையைச் சொல்லாவிட்டால் அது சி இன்ட் என்று எடுத்துக்கொள்ளும், அதாவது 32 பிட். ரெஸ்டைப்பை வாய்ட் பாயின்டர் என்று வைத்து ஹெக்ஸில் அச்சிட்டேன்: 734128001920. வலப்பக்கத்து எட்டு இலக்கம் மட்டும் தப்பி, இடப்பக்கத்து 7341 வெட்டுப்பட்டிருந்தது. லைப்ரரி அந்த வெட்டுப்பட்ட முகவரியிலிருந்து 8 பைட் தள்ளி ஒரு ஃபீல்டைப் படிக்கப் போய் விழுந்திருக்கிறது.

மாதக்கணக்கில் எப்படி ஓடியது? மெயின் த்ரெட்டில் சிறு ஒதுக்கீடுகள் புராசஸின் ஹீப்பிலிருந்து வரும். அந்தக் கணினியிலிருந்த பைத்தான் பைனரி நிலையான முகவரியில் ஏறும் வகை, அதனால் அதன் ஹீப் 01742680 போல மிகத் தாழ்வான முகவரியில் இருந்தது. 32 பிட்டுக்குள் அடங்கியதால் வெட்டியும் எதுவும் போகவில்லை. மற்ற த்ரெட்டுகளுக்கு ஜிலிப்சி தனி அரீனா (மெமரிப் பகுதி) கொடுக்கும், அது உயரத்தில் இருக்கும். தவறு முதல் நாளிலிருந்தே இருந்தது, த்ரெட் அதை வெளிச்சம் போட்டுக் காட்டியது, அவ்வளவுதான்.

ரெஸ்டைப்பைச் சரிசெய்த பிறகும் விழுந்தது, அதே முகவரியில். ஹேண்டில் இப்போது முழுசாக வந்தது, ஆனால் படி ஃபங்ஷனுக்கு ஆர்க்டைப்ஸ் (அது வாங்கும் மதிப்புகளின் வகை) சொல்லவில்லை. சொல்லாவிட்டால் பைத்தான் எண்ணை சிடைப்ஸ் இன்டாகத்தான் அனுப்பும். வரும்போது ஒரு வெட்டு, போகும்போது ஒரு வெட்டு. இரண்டையும் எழுதிய பிறகுதான் நின்றது. அன்றிலிருந்து எந்த ஃபங்ஷனானாலும், ஒன்றும் வாங்காமல் ஒன்றும் தராமல் இருந்தாலும், ரெஸ்டைப், ஆர்க்டைப்ஸ் இரண்டையும் எழுதாமல் விடுவதில்லை.

இதே எல்லையில் இன்னும் சில பொருத்தமின்மைகள். சி லாங் லினக்ஸில் 64 பிட், விண்டோஸில் 32 பிட். ஒன்றில் ஓடி மற்றதில் விழுகிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல். நம்பையின் இயல்பான முழு எண்ணும் விண்டோஸில் 2.0க்கு முன் 32 பிட்டாக இருந்து, 2.0 முதல் 64 ஆனது. சி பக்கம் டபுள் எதிர்பார்க்கும் இடத்தில் ஃப்ளோட்32 அணியைக் கொடுத்தால் அது அணியின் நீளத்தைப் போல் இரு மடங்கு படிக்கப் போகும். ஒன்றுவிட்டு ஒன்றாக ஸ்லைஸ் செய்த அணியின் முகவரியைக் கொடுத்தால், சி அதைத் தொடர்ச்சியான அணி என்று நினைத்துக்கொண்டு ஓடும். நம்பையின் சிடைப்ஸ்லிப் மாட்யூலில் உள்ள என்டிபாயின்டரை ஆர்க்டைப்ஸில் வைத்து, டிடைப்பும் தொடர்ச்சியும் கட்டாயம் என்று எழுதினால், இந்தத் தவறுகள் அழகான டிரேஸ்பேக்காக மாறிவிடும்.

139, எப்போதாவது மட்டும்

இதுதான் மனிதர்களைக் களைப்படையச் செய்யும் வகை. பத்து முறை ஓட்டினால் இரண்டு முறை விழும், இரண்டு முறையும் வெவ்வேறு இடத்தில். ஃபால்ட்ஹேண்ட்லர் காட்டும் வரி சாதாரணமாக ஒரு டிக்ஷனரி அணுகலாக இருக்கும். கார்பேஜ் கலெக்ஷன் நடக்கும்போது விழுந்தது என்றும் சில சமயம் காட்டும். அந்த வரியைத் திருத்த முயலாதீர்கள், அது பாதிக்கப்பட்டவர்தான்.

ஆயுள் பிரச்சினைகள்தான் இதில் பெரும்பான்மை. சி பக்கம் வைத்திருக்கும் பொருளைப் பைத்தான் பக்கம் விட்டுவிடுவது. லைப்ரரி பிறகு அழைப்பதற்காக நாம் கொடுத்துவைக்கும் ஃபங்ஷனான கால்பேக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: சிடைப்ஸ் கால்பேக் பொருளை ஃபங்ஷன் அழைப்புக்குள்ளேயே உருவாக்கிக் கொடுத்தால், அழைப்பு முடிந்ததும் அதைப் பிடித்திருக்க யாருமில்லை, அது விடுவிக்கப்படும். லைப்ரரி பிறகு அழைக்கும்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் ஓடும். பழைய பைட்டுகள் இன்னும் அழியாமல் இருந்தால் வேலைகூட செய்யும், அதனால்தான் ‘எப்போதாவது’. கால்பேக்கை ஒரு ஆட்ரிப்யூட்டில் பிடித்து வையுங்கள். இரண்டு அணிகளைக் கூட்டி வந்த தற்காலிக அணியின் டேட்டா முகவரியை மட்டும் எடுத்துக் கொடுப்பதும் இதே வகை. லைப்ரரி தரும் ஸ்ட்ரிங்கை சார் பாயின்டர் என்று ரெஸ்டைப்பில் எழுதினால், சிடைப்ஸ் அதைப் பைட்ஸாக நகலெடுத்துத் தந்துவிட்டு மூல முகவரியைத் தொலைத்துவிடும். அந்த நகலை லைப்ரரியின் ஃப்ரீயிடம் கொடுத்தால் ஹீப் சிதையும். விடுவிக்க வேண்டிய ஸ்ட்ரிங் என்றால் வாய்ட் பாயின்டராகவே வாங்குங்கள்.

சொந்தமாக சியில் எக்ஸ்டென்ஷன் எழுதுபவர்கள் என்றால் ரெஃபரன்ஸ் கணக்கை, அதாவது ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணை, பாருங்கள். பைலிஸ்ட் கெட்ஐட்டம் தருவது கடன், பைலிஸ்ட் செட்ஐட்டம் நீங்கள் கொடுப்பதை எடுத்துக்கொண்டுவிடும். கடன் வாங்கியதை டெக்ரெஃப் செய்தால் (அந்த எண்ணில் ஒன்றைக் குறைத்தால்) இன்று ஒன்றும் ஆகாது, வேறு எங்கோ அந்தப் பொருள் சாகும். 3.12 முதல் நன் என்ற வெற்று மதிப்பு போன்றவை அழியாப் பொருள்கள் ஆகிவிட்டதால், நன்னை அதிகமாக டெக்ரெஃப் செய்யும் தவறு முன்பு போல ஃபேட்டல் எரராக வெளிப்படாமல் ஒளிந்துகொள்கிறது. பழைய பதிப்பு ஒன்றிலும் டெஸ்ட்டை ஓட்டிப் பாருங்கள். ஜில் என்ற பைத்தானின் பொதுப் பூட்டைப் பிடிக்காமல் பைத்தானின் சி ஃபங்ஷனைத் தொடுவது இன்னொரு பெரிய மூலம், லைப்ரரி தானே தொடங்கிய த்ரெட்டிலிருந்து கால்பேக் வரும்போது அதிகம் நடக்கும்.

‘எப்போதாவது’ என்பதை ‘எப்போதும்’ ஆக்குவதுதான் பாதி வேலை. மூன்று நெம்புகோல்கள் உண்டு. ஜிசி மாட்யூலில் செட் த்ரெஷோல்டை 1 என்று வைத்தால் கார்பேஜ் கலெக்ஷன் ஓயாமல் ஓடும், ஆயுள் பிழைகள் சீக்கிரம் வெடிக்கும். பைத்தான்மேலாக் என்ற சூழல் மாறியை டீபக் என்று வைத்தால், விடுவித்த மெமரியை டிடி என்ற ஹெக்ஸ் பைட்டால் நிரப்பிவிடும், ஒதுக்கிய இடத்தின் இரு ஓரமும் எஃப்டி என்ற பைட்டால் வேலி போடும். க்ராஷ் முகவரியிலோ ஒரு மாறியின் மதிப்பிலோ டிடி டிடி என்று வரிசையாகக் கண்டால், செத்த பொருளைத் தொட்டிருக்கிறீர்கள் என்பதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் இந்த வேலி பைத்தான் ஒதுக்கும் மெமரிக்கு மட்டும். லைப்ரரியின் சொந்த மேலாக்கை இது பார்க்காது.

அதற்குத்தான் மெமரித் தவறுகளைப் பிடிக்கும் கம்பைலர் வசதியான அட்ரஸ் சானிடைசர். எக்ஸ்டென்ஷனை அதோடு கம்பைல் செய்து, அதன் லிப்ஏசான் கோப்பை எல்டி பிரீலோட் என்ற சூழல் மாறியில் கொடுத்து, பைத்தான்மேலாக்கை மேலாக் என்று வைத்து, கசிவுத் தேடலை அணைத்து ஓட்டுங்கள். அமைக்க அரை நாள் ஆகலாம். ஆனால் இது பழியையும் பாவத்தையும் ஒரே பக்கத்தில் காட்டும்: எங்கே தொட்டது, அந்த மெமரியை யார் விடுவித்தார்கள், முதலில் யார் ஒதுக்கினார்கள் என்று மூன்று ஸ்டாக்குகள் வரும். நான் எப்போதும் நடுவில் உள்ளதை முதலில் படிப்பேன். கம்பைல் செய்ய மூலம் இல்லையென்றால் வால்கிரைண்ட் இருக்கிறது, பல மடங்கு மெதுவாக ஓடும். ஜிடிபி என்ற டீபக்கரில் ஓட்டி பி, டி என்ற இரண்டு எழுத்துகளை அடிப்பது, எந்த லைப்ரரிக்குள் விழுந்தது என்று அறியப் போதும். பைத்தானின் ஜிடிபி நீட்டிப்பு இருந்தால் பிஒய்-பிடி பைத்தான் பக்கத்து ஸ்டாக்கையும் காட்டும்.

ஃபோர்க் செய்தால், ஆல்பைனில் ஓட்டினால், அல்லது வேலை முடிந்த பிறகு

மல்டிபுராசஸிங் வைத்தால் மட்டும் விழுகிறது என்றால் ஸ்டார்ட் மெத்தடை ஸ்பான் என்று மாற்றிப் பாருங்கள். த்ரெட்டுகள் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபோர்க் செய்தால் (புராசஸை அப்படியே நகலெடுத்தால்) குழந்தைப் புராசஸுக்கு ஒரே த்ரெட்தான் போகும், மற்றவை பிடித்திருந்த லாக்குகள் அப்படியே பூட்டிக் கிடக்கும். மேக்கில் 3.8 முதல் ஸ்பான் இயல்பு, லினக்ஸில் 3.14 முதல் ஃபோர்க்சர்வர். 3.12 முதல், த்ரெட்டுகள் இருக்கும்போது ஃபோர்க் செய்தால் எச்சரிக்கையும் வருகிறது.

டெபியனில் ஓடி, கன்டெய்னர்களில் பயன்படும் சிறிய லினக்ஸான ஆல்பைனில், அதுவும் த்ரெட்டுக்குள் மட்டும் விழுகிறது என்றால் ஸ்டாக் அளவு. ஆல்பைனின் மஸில் லைப்ரரி த்ரெட்டுக்கு இயல்பாக 128 கேபிதான் தருகிறது, ஜிலிப்சி வழக்கமாக 8 எம்பி. த்ரெடிங் மாட்யூலின் ஸ்டாக் சைஸ் கொண்டு உயர்த்தலாம். என்னைக் கேட்டால், நேட்டிவ் பேக்கேஜ்கள் நிறைய உள்ள வேலைக்கு இமேஜையே மாற்றிவிடுவது நல்லது.

எல்லா விடையும் வந்து, கோப்பும் எழுதி முடித்து, வெளியேறும்போது 139 வந்தால், அழிக்கும் வரிசை தவறிவிட்டது: பைத்தான் மூடிய பிறகு சி++ ஸ்டாட்டிக் பொருளொன்று பைத்தான் பொருளைத் தொடுகிறது, அல்லது டெமன் த்ரெட் ஒன்று இன்னும் லைப்ரரிக்குள் நிற்கிறது. ஹேண்டில்களை வித் பிளாக்குக்குள் வைத்து மூடுங்கள், த்ரெட்டுகளை ஜாயின் செய்யுங்கள்.

பேக்கேஜ் எழுதியவரிடம் கொண்டுபோகும் முன்

உங்கள் பிழை இல்லை என்று தெரிந்துவிட்டால், இருபது வரிக்குள் விழும் நிரலாகச் சுருக்குங்கள். பாதியை வெட்டி ஓட்டுங்கள், விழுந்தால் மீதியில் பாதியை வெட்டுங்கள். தரவுக் கோப்பை எடுத்துவிட்டு அதே அளவு பூஜ்யங்களை வைத்துப் பாருங்கள். சுருக்கும்போதே காரணம் தெரிந்துவிடுவது வழக்கம். அதோடு வெளியேறிய எண், ஃபால்ட்ஹேண்ட்லர் எழுதியது முழுதும், பிப் ஃப்ரீஸ் பட்டியல், இயங்குதளம், சிபியு, பிப்பா கோண்டாவா என்ற தகவல். இவ்வளவும் கையில் இருந்தால் அவர் அன்றே வேலையைத் தொடங்கிவிடலாம். ‘சில சமயம் க்ராஷ் ஆகிறது’ என்று மட்டும் எழுதினால், இதே கேள்விகளை அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கவே ஒரு வாரம் போகும்.

திருத்தம் வரும்வரை உங்கள் வேலை நிற்க வேண்டியதில்லை. விழும் அழைப்பை மட்டும் தனிப் புராசஸில் வைத்து ஓட்டுங்கள். புராசஸ்பூல் எக்ஸிக்யூட்டரில் வொர்க்கர் செத்தால், மெயின் புராசஸுக்கு புரோக்கன் புராசஸ் பூல் என்ற எக்செப்ஷன் வரும், அதை எக்செப்டில் பிடிக்கலாம். ஒருமுறை உடைந்த பூல் மறுபடி வேலை வாங்காது, புதிதாக ஒன்று திறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கோப்பை மட்டும் அனுப்பினால், எந்தக் கோப்பில் விழுந்தது என்பதைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம்.